பன்னிரண்டு வயதுப் பெரியவர்

எங்கள் ஸ்டுடியோவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உலகம்மா என்பார்கள். உலகப் புத்தகம் என் கையில் இருப்பதால் வந்த பட்டம் அது. நாங்கள் எடுக்கும் கார்ட்டூன் தொடரில் ஒரு நகரம் உண்டு. சுற்றிலும் மதில், மதிலுக்கு வெளியே சாம்பல் மனிதர்கள், உள்ளே அவர்களோடு ஓயாமல் சண்டை போடும் சனங்கள். அந்த நகரத்தில் எத்தனை தெரு, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், யாருக்கு எந்தக் கன்னத்தில் மச்சம், யார் எப்போது பிறந்தவர், எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கும். புத்தகம் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஒரு ஓவியர் இடது கன்னத்து மச்சத்தை வலது கன்னத்துக்கு மாற்றிவிட்டால் அவரோடு போய் நான் மல்லுக்கு நிற்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த உலகத்தின் சட்டங்களில் பாதி, யோசித்துச் செய்தவை அல்ல. யாரோ செய்த தப்பின் மேல் நான் இழுத்துப் போர்த்திய போர்வைகள். முதல் வருடம் குழந்தைப் பாத்திரங்களுக்கு நிழல் வரைய மறந்துவிட்டார்கள். ஒன்பது அத்தியாயம் ஒளிபரப்பான பிறகுதான் யாரோ பார்த்துச் சொன்னார்கள். திரும்ப வரைய நேரமில்லை. "இந்த உலகத்தில் பிள்ளைகளுக்கு நிழல் கிடையாது. பதினாறு வயதில் பெரியவர் ஆனால்தான் நிழல் விழும்" என்று புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான், தப்பு தத்துவமாகிவிட்டது. பார்க்கிறவர்கள் அதற்கு என்னென்னவோ உட்பொருள் கண்டுபிடித்து எழுதினார்கள். எங்கள் இயக்குநரைத் தாடி என்போம், அவர் காது கேட்காத தூரத்தில். அவர் என் மேசைக்கே வந்து, "உலகம்மா, நீ இருக்கிற வரைக்கும் நமக்குத் தப்புங்கிற பேச்சே இல்ல" என்றார். அந்தப் பேச்சில் நான் மயங்கிப்போனேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தொடரில் பொடியன் என்று ஒரு பையன். படையில் கொடி பிடிப்பவன். வயது பன்னிரண்டு. மூன்று வருடமாக அவனுக்குப் பன்னிரண்டுதான். கார்ட்டூனில் யாருக்கும் வயசாகாது, வரைகிறவர்களுக்குத்தான் ஆகும். அவனுக்குக் குரல் கொடுத்தவள் என் அக்கா மகள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். எட்டு வயதில் நான்தான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். இந்தக் கதை நடந்தபோது அவளுக்குப் பதினொன்று.

வாலு வாய் ஓயாதவள். குளிக்கும்போது பேசுவாள், சாப்பிடும்போது பேசுவாள், தூக்கத்தில்கூட யாரையோ கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாள். அக்கா துணி தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். பகல் பூராவும் மெஷின் சத்தம், வீட்டுக்கு வந்தால் இவள் சத்தம். "இவளுக்குக் கடவுள் வாயை வச்சுட்டு மூடியை மறந்துட்டான்டி" என்பாள் அக்கா. அத்தானுக்குக் கப்பலில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போனில் வருவார். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததை எல்லாம் இவள் கொட்டித் தீர்ப்பதற்குள் மனுஷனுக்கு நேரம் முடிந்துவிடும். அவர் ஒரு வார்த்தை பேசாமலேயே சந்தோஷமாகப் போனை வைப்பார்.

அந்த வருடம் குளிர்காலத்தில் வாலுவுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியது. சளி போன பிறகும் கரகரப்பு போகவில்லை. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் வீக்கம் இருக்கிறது என்றார். பேசலாம், பாடலாம், கத்தக் கூடாது. "இதுக்கு மேல கத்தினா நாண் கிழியும். கிழிஞ்சா ஒட்டுப் போட முடியாது" என்று அக்காவிடம் இரண்டு தடவை சொன்னார்.

அக்கா அன்றைக்கே வேலையை விடச் சொல்லிவிட்டாள். வாலு அழுது புரண்டாள். நான்தான் நடுவில் புகுந்தேன்.

"ஏன்க்கா பயப்படற? மஞ்சள் சீட்டுல, கத்தக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டுத்தான் வரும். நீயும் உள்ளயே உக்காந்திருக்க. மேல நான் இருக்கேன்ல?"

"நீ பாத்துக்குவியா?"

"என் புள்ளையா இருந்தா பாத்துக்க மாட்டேனா?"

எனக்குப் பிள்ளை இல்லை. அதனால்தானோ என்னவோ அக்கா அந்த வார்த்தையை அப்படியே நம்பினாள்.

மஞ்சள் சீட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். தாடிக்கு ஒரு பிடிவாதம்: குழந்தைப் பாத்திரத்துக்குக் குழந்தைதான் குரல் கொடுக்க வேண்டும், பெரியவர்கள் கீச்சுக் குரலில் மிழற்றக் கூடாது. அதனால் ஒலிப்பதிவுக்கு இரண்டு நிறத்தில் சீட்டு. மஞ்சள் என்றால் சிறார். ஒரேயடியாக நாற்பது நிமிடத்துக்கு மேல் பேசவைக்கக் கூடாது, பெற்றவர்களில் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும், உடம்புக்கு ஏதாவது என்றால் அதைச் சீட்டிலேயே அச்சடிக்க வேண்டும். வெள்ளை என்றால் பெரியவர். முழு ஷிஃப்ட், கூட ஆள் கூடாது, குறிப்பு எழுத இடமே கிடையாது.

முன்பெல்லாம் சீட்டுப் பிரிவில் நடிகர்களின் வயதைத் தனியாக ஒரு பட்டியலில் வைத்திருந்தார்கள். அது இரட்டை வேலை என்று மாற்றியதே நான்தான். என் புத்தகத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் 'சிறார்', 'பெரியவர்' என்று கட்டம் இருக்கிறது, அதைப் பார்த்தே சீட்டின் நிறம் வந்துவிடட்டும் என்றேன். பாத்திரம் சிறுவன் என்றால் பேசுகிறவரும் சிறுவர்தானே? கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். சீட்டுப் பிரிவில் இருந்த அம்மாள், நாங்கள் சீட்டக்கா என்போம், எனக்குத் தனியாக நன்றிகூடச் சொன்னாள். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒரு பிசகு இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, கூட்டத்தில் தாடி எடுத்த எடுப்பில், "பொடியன் சாகணும்" என்றார்.

ஒரு பையன் செத்தால்தான் ஊர் அழும், ஊர் அழுதால்தான் இந்த வருடக் கதை நிற்கும் என்று அவர் விளக்கினார். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சான்றிதழ் வாரியம் விடாதுங்க. சிறார் சாகறதைக் காட்டினா சாயங்கால நேரம் நமக்குக் கிடையாது."

"அப்ப அவன் வயசைக் கூட்டு" என்றார் தாடி.

"பதினாறுன்னு சொன்னா எவன் நம்புவான்? கொடிக்கம்பத்துல பாதி உயரந்தான் அவனை வரைஞ்சு வச்சிருக்கோம்" என்றார் தலைமை ஓவியர்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு அது பழகிப்போன காட்சி. உள்ளுக்குள் பிடித்த காட்சியும்கூட. டீ ஆறுகிற நேரம்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை.

"அவன் வயசை எதுக்கு மாத்தணும்? உலகத்தோட வயசை மாத்திடலாம்."

விளக்கமாகச் சொன்னேன். சண்டையில் ஆள் குறைந்துவிட்டது. நகர மன்றம் ஒரு நாள் காலையில் முரசடித்து அறிவிக்கிறது: இன்று முதல் பன்னிரண்டு வயதானவர் எல்லாம் பெரியவர். அடுத்த காட்சியில் பொடியன் வெயிலில் வந்து நிற்கிறான், முதன்முதலாக அவனுக்கு நிழல் விழுகிறது. குனிந்து பார்த்துச் சிரிக்கிறான். மூன்றாவது காட்சியில் சாகிறான். வாரியத்தின் கண்ணுக்கு அவன் பெரியவன், பார்க்கிறவர்களின் கண்ணுக்குப் பிள்ளை.

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!" என்று மேசையைத் தட்டினார் மேனேஜர். தாடியின் கண் கலங்கியே விட்டது. அன்று மதியம் நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

இருக்கைக்குப் போய்ப் பதினாறை அழித்துப் பன்னிரண்டு என்று அடித்தேன். பொடியனின் பக்கத்தைத் திறந்து, கட்டத்தில் 'சிறார்' என்றிருந்ததைப் 'பெரியவர்' என்று மாற்றினேன். சீட்டு அப்போது என் நினைவில் இல்லை. இதை யாரும் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் உண்மை அதுதான். பொய் சொல்ல வேண்டிய இடம் பிறகு வந்தது.

வியாழக்கிழமை காலை வாரியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஒல்லியான அம்மாள், பையிலேயே சொந்தப் பேனா, சொந்தத் தண்ணீர். சுவரில் பொடியனின் பக்கத்தைப் பெரிதாகக் காட்டி வைத்துக்கொண்டு அவர் எதிரில் நானும் தாடியும் உட்கார்ந்திருந்தோம். பத்தே கால் இருக்கும், போன் அதிர்ந்தது. அக்கா. எழுந்து ஜன்னல் பக்கம் போய் எடுத்தேன்.

"ஏய், என்னை உள்ள விடமாட்டேங்குறாங்கடி. புள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"ஏன்?"

"வெள்ளைச் சீட்டாம். கூட ஆள் உக்காரக் கூடாதாம். எப்பவும் மஞ்சள்தான வரும்?"

அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. கட்டம், நிறம், ஷிஃப்ட், குறிப்பு எழுத இடமில்லாத வெள்ளைத் தாள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. எனக்குப் பின்னால் அந்த அம்மாள் தாடியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "இந்தப் பையன் உங்க உலகத்துல எல்லா விதத்துலயும் பெரியவன்தானா? எங்கயாவது ஒரு இடத்துல சிறார்னு இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மஞ்சள் சீட்டு வேண்டுமென்றால் கட்டத்தை மாற்ற வேண்டும். கட்டத்தை மாற்றினால் அது அவர் கண்ணெதிரே சுவரிலேயே மாறும். ஒலிப்பதிவு அறை நேர் கீழே, ஒரே ஒரு மாடி. சீட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இறங்கிப் போய்ப் பிள்ளையைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்திருக்கலாம். அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் நான் எழுந்து போனால் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. என் உலகம் என் கண்முன்னால் கவிழ்ந்துவிடும். இன்னும் அரை மணி நேரத்தில் இந்த அம்மாள் போய்விடுவாள், சாவுக் காட்சி எப்படியும் அடுத்த வாரம்தான், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"புது ரூல் ஏதோ வந்திருக்குக்கா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"கத்தவிட மாட்டாங்கல்ல?"

"அதான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல."

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

அந்த அம்மாள் அரை மணி நேரத்தில் போகிற ஜாதி இல்லை. துருவித் துருவிக் கேட்டார். பன்னிரண்டு வயதுக்காரர் அந்த நகரத்தில் சொந்தமாக வீடு வைத்துக்கொள்ளலாமா? கொள்ளலாம் என்றேன். மன்றத்தில் கை தூக்கலாமா? தூக்கலாம். குற்றம் செய்தால் பெரியவர்களுக்குள்ள தண்டனைதானா? தூக்குமேடை வரைக்கும் உண்டு என்றேன். ஒவ்வொரு பதிலையும் அங்கேயே புத்தகத்தில் அடித்துச் சேர்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்கு மூளை அபாரமாக வேலை செய்தது. நடுவில் இரண்டு தடவை எழுந்து போகலாமென்று நினைத்தேன். இரண்டு தடவையும் தாடி என்னைப் பார்த்துச் சிரித்தார். உட்கார்ந்துவிட்டேன். ஒன்றே முக்காலுக்கு அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார்.

படிக்கட்டில் ஓடித்தான் இறங்கினேன். ஓடி என்ன பயன்?

கீழே நடந்ததை ஒலிப்பதிவுக்காரர் பிறகு சொன்னார். முழு ஷிஃப்ட் என்று சீட்டில் இருந்ததும் குரல் கொடுப்பவர்களை நடிக்கவைக்கும் குரல் மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. துண்டு துண்டாக எடுத்து அலுத்துப்போனவர் அவர். அடுத்த வாரத்துச் சாவுக் காட்சியை அன்றைக்கே வைத்துவிட்டார். பொடியன் எரிகிற கொடியை விடாமல் பிடித்துக்கொண்டு கத்த வேண்டும். நாற்பத்தோரு தடவை எடுத்தார்கள். முப்பதுக்குப் பிறகு குரல் உடைந்து உடைந்து வந்தது. "இதுதான், இதுதான் எனக்கு வேணும்" என்றாராம் மாஸ்டர். நாற்பத்தொன்றாவது தடவை வாய் திறந்தது, காற்று மட்டும் வந்தது.

"அவ சின்னப் புள்ளைன்னு எனக்குத் தெரியாதா? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார் ஒலிப்பதிவுக்காரர். "சீட்டு வெள்ளையா இருந்துச்சு. மேல பேசி முடிச்சுட்டாங்க போலன்னு நினைச்சேன்."

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் கண் இருந்தது. கதவைத் திறந்துவிட்டவர், தண்ணீர் வைத்தவர், மைக்கை அவள் உயரத்துக்குக் கீழே இறக்கிக் கொடுத்தவர், எல்லோரும் ஒரு சின்னப் பெண்ணைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, சீட்டைப் பார்த்தார்கள்.

நான் உள்ளே போனபோது வாலு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தாள். சித்தி என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது போல, இன்னொரு தடவை முயன்றாள். பிறகு தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். கைக்குட்டையில் துப்பினாள். எச்சிலில் ரத்தம் இருந்தது. கீழே வரவேற்பறையில் அக்கா மூன்றரை மணி நேரமாக அதே நாற்காலியில், மடியில் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள்.

அதே டாக்டர்தான் பார்த்தார். "எவ்ளோ நேரம் கத்தினா?" என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். நாணில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, நாணும் கிழிந்திருக்கிறது என்றார். மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது.

"அப்புறம் சரியாயிடுமா டாக்டர்?" என்றாள் அக்கா.

"பேச்சு வரும்மா. பழைய குரல் வராது."

"பழைய குரல்னா?"

"இத்தனை நாள் பேசின குரல். அது போனது போனதுதான்."

அக்கா புரியாதவள் போல வாலுவைப் பார்த்தாள். வாலு அம்மாவைச் சமாதானப்படுத்துகிற மாதிரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே கேள்விதான். யார் அந்த வெள்ளைச் சீட்டைக் கொடுத்தது? "எவடி அவ? புள்ளை பெத்தவளா அவ? அவ கை விளங்குமா?" சீட்டக்காவை அவள் பார்த்ததுகூடக் கிடையாது. பார்க்காத ஒரு பெண்ணுக்கு அவள் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்களோ, அதைவிடக் கேவலமாகத்தான் நானும் நினைக்கிறேன்.

ஸ்டுடியோவில் விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். மேனேஜர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, ஆவணப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, சீட்டுப் பிரிவு கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும் என்றார். கட்டத்தை மாற்றியது நான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் என்னைச் சொன்னால் கட்டத்தைச் சொல்ல வேண்டும், கட்டத்தைச் சொன்னால் சான்றிதழ் போய்விடும். அன்று அக்கா போனில் சொன்னது மட்டும் எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். சீட்டக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவள் என் மேசைப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனாள்.

எனக்குப் பிடித்துத் தொங்க ஒரு கிளை இருந்தது. குரல் மாஸ்டர் விசாரணையில் சொன்ன ஒரு வார்த்தை. "ஒவ்வொரு தடவையும் போதுமான்னு கேட்டேன். இன்னொண்ணு எடுக்கலாம்னு அவளேதான் சொன்னா." வாலு வாயில்லாப் பூச்சி இல்லை. பிடிக்காவிட்டால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வருகிறவள்தான். முன்பு வந்தும் இருக்கிறாள். அப்படியென்றால் அவளுக்கே ஆசை இருந்திருக்கிறது, அவளும்தான் யோசித்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பதினொரு வயதுப் பிள்ளையின் மேல் பழியில் பாதியைத் தூக்கி வைத்துவிட்டுத் தூங்கினேன். தூக்கமும் வந்தது.

பன்னிரண்டாம் நாள் மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வாலு தரையில் கவிழ்ந்து படுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வாயில் போக வேண்டியதெல்லாம் பென்சிலில் போயிற்று. பன்னிரண்டு நாளில் அது மூன்றாவது நோட்டு. ஞாயிற்றுக்கிழமை அத்தான் போனில் வந்தபோது அக்கா போனை அவள் காதில் வைத்தாளாம். அவர் அந்தப் பக்கம் தனியாகப் பேசிக்கொண்டே இருந்தாராம். இவள் இந்தப் பக்கம் போனுக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தாளாம்.

"நல்லாத்தான் தலையாட்டுது. அவருக்கு அது எங்க தெரியும்?" என்றாள் அக்கா.

அப்போது டிவியில் எங்கள் தொடரின் விளம்பரம் வந்தது. எரிகிற கொடி. பொடியனின் முகம். அந்தக் கத்தல். நாற்பதாவதைத்தான் வைத்திருந்தார்கள். அக்கா அணைக்கப் போனாள். வாலு எழுந்து ஓடிப்போய் ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் கூட்டினாள். டிவிக்கு மிக அருகில் நின்று தன் குரலைக் கேட்டாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, எப்படி என்று புருவத்தை உயர்த்தினாள். நன்றாக இருக்கிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவளுக்கு வேலை போச்சாமே, அந்தச் சீட்டுக் கொடுத்தவளுக்கு?" என்றாள் அக்கா டிவியை அணைத்துவிட்டு. "ஸ்டுடியோவுலேர்ந்து போன் பண்ணிச் சொன்னாங்க. நல்லா வேணும். தெருத் தெருவா அலையட்டும்."

வாலு வேகமாகத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா, "என்னடி?" என்றாள். வாலு நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு வெகு நேரம் எழுதினாள். எழுதி முடித்து அம்மாவிடம் கொடுத்தாள். அக்கா எதையும் வாய்விட்டுத்தான் படிப்பாள், கடையில் அளவுச் சீட்டைப் படிக்கிற பழக்கம். வரியில் விரலை வைத்துப் படித்தாள்.

"சீட்டு ஆன்ட்டி மேல தப்பு இல்லம்மா. வெள்ளைச் சீட்டு சித்தி குடுத்தது. மாஸ்டர் சொன்னார். உங்க சித்தி புத்தகத்துல உன்னைப் பெரியவங்க பக்கம் மாத்திட்டாங்க, இனிமே நீ பெரிய ஆர்ட்டிஸ்ட்டுன்னு சொன்னார். எனக்கு ரொம்ப ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு."

அக்காவின் விரல் நின்றது. மறுபடி நகர்ந்தது.

"நடுவுல ரொம்ப வலிச்சுது. நிறுத்தலாமான்னு நினைச்சேன். ஆனா மஞ்சள் சீட்டுப் பசங்கதான் பாதியில நிறுத்துவாங்க. நான் நிறுத்தினா சித்திக்குக் கெட்ட பேர் வரும். அதான் இன்னொண்ணு இன்னொண்ணுன்னு சொன்னேன். சித்தி அன்னிக்கு மேலதான் இருந்தாங்க. ஒரு தடவை இறங்கி வந்திருந்தா நான் எவ்ளோ நல்லா கத்தினேன்னு பாத்திருப்பாங்க."

அக்கா நோட்டை மூடவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"என்னடி எழுதியிருக்கா இவ?"

சொன்னேன். பதினாறைப் பன்னிரண்டு ஆக்கியதைச் சொன்னேன், கட்டத்தைச் சொன்னேன், வாரியத்து அம்மாளைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. இல்லாத ஊரில் இல்லாத ஒரு பையனுக்கு எத்தனை வயதில் நிழல் விழும் என்பதற்காக. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

"நான் போன் பண்ணப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் பாத்துக்கறேன்னு சொன்னியா?"

"ஆமா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து, நாற்காலியில் மாட்டியிருந்த என் பையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். எப்போதும் நான் கிளம்பும்போது எடுத்துக் கொடுப்பாளே, அதே மாதிரிதான்.

"இனிமே இங்க வராத" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

வாலு அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடிப்போய் நோட்டை இழுத்து அவசரமாக எழுதினாள். எழுதியதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து முதலில் அம்மாவிடம் காட்டினாள், பிறகு என்னிடம் காட்டினாள்.

நான் எதாவது தப்பா எழுதிட்டேனா?

நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பென்சிலை எடுத்து, 'தப்பா' என்ற வார்த்தைக்குக் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டு, மறுபடியும் தூக்கிப் பிடித்தாள்.